தொழிலுக்கு முதல் தேடும் வழி

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இருபத்தைந்து ஆண்டுகளாக நமது சங்கம் ஒரே வேலையைச் செய்து வந்திருக்கிறது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது, பள்ளியிலிருந்து நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வது, கல்லூரி வாயில் வரை கொண்டுபோய் விடுவது என்பதே அந்த வேலை. அதன் பயனை இந்தப் பந்தலிலேயே காண்கிறோம். ஆயினும் பட்டம் பெற்ற பிள்ளை அரசு வேலையை மட்டுமே நோக்கிக் காத்திருந்தால் வயது கடந்து போகிறது என்பதையும் ஒவ்வொரு தெருவிலும் காண்கிறோம். தொழில் தொடங்கலாம் என்று துணிகிற இளைஞனிடம் உலகம் கேட்கும் முதற் கேள்வி, “கையில் முதல் எவ்வளவு?” என்பது. அந்தக் கேள்வியைப் பற்றியே நாம் இன்று பேச விரும்புகிறோம்.

முதல் என்பது எங்கிருந்து வருகிறது? நம் ஊர்க் கதையிலேயே விடை இருக்கிறது. ஆண்டுதோறும் மாங்கனித் திருவிழா காண்கிறோம். காரைக்காலம்மையாரின் வரலாற்றில் மாங்கனியை எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறோம். ஆனால் வணிகர் தலைவனாகிய தனதத்தன், நாகப்பட்டினத்து வணிகன் மகனான பரமதத்தனுக்குத் தன் மகளை மணம் முடித்து, இவ்வூரிலேயே மனை அமைத்து, பெரும்பொருளும் கொடுத்து வைத்தான் என்பதையும், மருமகன் அப்பொருளைக் கொண்டு வாணிகம் வளர்த்தான் என்பதையும் யாரும் பேசுவதில்லை. மாமனார் கொடுத்த பொருளே மருமகனுக்கு முதல். சேக்கிழார் காலத்திற்கும் இன்றைக்கும் இதில் பெரிய மாற்றம் இல்லை. வணிகம் செய்யும் குடியில் பிறந்தவனுக்கு முதல் வீட்டுக்குள்ளேயே கிடைக்கிறது. வங்கி அவனுக்கு இரண்டாவது வாசல். நமக்கோ அதுவே முதல் வாசலாகவும் ஒரே வாசலாகவும் இருக்கிறது.

நம் முன்னோர் ஏன் பொருள் சேர்க்கவில்லை என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். 1739இல் பிரெஞ்சுக்காரர் இவ்வூரைப் பெற்றனர். 1954 நவம்பர் 1ஆம் நாள் ஆட்சி இந்தியாவின் கைக்கு மாறியது. 1962 ஆகஸ்ட் 16இல் அது சட்டப்படி நிறைவேறியது. இடைப்பட்ட இரு நூறு ஆண்டுகளில் நம்மவர் பண்ணையில் உழுதார்கள்; அல்லது இதே காரைக்கால் துறையிலிருந்து கப்பலேறி, ரீயூனியனுக்கும் மர்த்தினிக்கிற்கும் குவாதலூப்பிற்கும் ஒப்பந்தக் கூலிகளாய்ப் போனார்கள். வணிகர்கள் இத்துறையிலிருந்து சரக்கு ஏற்றினார்கள். நம் பாட்டன்மார் தாமே சரக்காக ஏற்றப்பட்டார்கள். எல்லைக்கு அப்பால் ஆங்கிலேயர் ஆண்ட சென்னை மாகாணத்தில், செங்கற்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் எழுதிய அறிக்கையின் விளைவாக 1892இல் பஞ்சமி நிலம் என்ற ஏற்பாடாவது பிறந்தது. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த நமக்கு அதுவும் எட்டவில்லை. (பஞ்சமி நிலம் பெற்றவர்களும் அதை அடகு வைத்துத் தொழில் நடத்தவில்லை என்பது வேறு செய்தி. பிற வகுப்பார்க்குக் கைமாற்றக் கூடாது என்ற நிபந்தனையே அதற்குக் காவல். அந்தக் காவலே, கடன் கொடுப்பவன் பார்வையில், ஈடாக ஏற்க முடியாத குறையும் ஆகிவிடுகிறது.)

ஆகவே ஈடு இல்லை; ஈடு இல்லாதவனுக்குக் கடன் இல்லை; கடன் இல்லாதவனுக்குத் தொழில் இல்லை; தொழில் இல்லாதவனுக்கு ஈடு சேர்வதில்லை. செக்கு மாடு சுற்றுவது போன்ற இந்தச் சுற்றின் விளைவைப் புள்ளிவிவரமும் சொல்கிறது. 2015-16ஆம் ஆண்டின் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி, நாட்டிலுள்ள குறுந்தொழில்களில் பட்டியல் சாதியினர் உடைமையாக இருந்தவை 12.48 விழுக்காடு. சிறுதொழில் என்னும் அடுத்த படியில் அது 5.50 ஆகக் குறைகிறது. நடுத்தரத் தொழில் என்னும் மூன்றாம் படியிலோ, கணக்கெடுப்பின் அட்டவணையில் காணப்படும் எண் 0.00. மக்கள் தொகையில் நாம் 2011 கணக்கின்படி நாட்டில் 16.6 விழுக்காடு. பெட்டிக் கடை வைப்பதற்கும் தையற்பொறி வாங்குவதற்கும் நம்மவர் எப்படியோ வழி கண்டுபிடிக்கிறார்கள். அங்கிருந்து மேலே ஏறும் ஏணிதான் இல்லை.

அறிவு இருந்தால் போதும், பொருள் தானே வரும் என்று கல்விச் சங்கத்தார் சொல்வது இயல்பு. நாமும் அப்படிச் சொல்லி வந்திருக்கிறோம். அண்ணல் அம்பேத்கரின் வாழ்க்கையில் நடந்த ஒரு நிகழ்ச்சியை இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். அமெரிக்காவிலும் இலண்டனிலும் பொருளியல் பயின்று 1917இல் தாயகம் திரும்பிய அவர், பரோடாவில் பட்ட அவமானத்திற்குப் பின் பம்பாயில் பங்குகள், பத்திரங்கள் பற்றி வணிகர்களுக்கு ஆலோசனை கூறும் தொழில் ஒன்றைத் தொடங்கினார். அத்துறையில் அவரினும் கற்றவர் அந்நகரில் அன்று எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? ஆலோசனை சொல்பவர் இன்ன சாதியார் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர் வருவது நின்றது, தொழில் மூடப்பட்டது. முதலீடு பெரிதாகத் தேவைப்படாத அந்தத் தொழிலிலேயே வாங்குபவன் விலகிப் போனான். எனவே முதல் தேடும்போதே, நம் பொருளை வாங்கப்போகிறவன் யார் என்ற கேள்விக்கும் விடை தேடியாக வேண்டும். இதற்குப் பின்னர் வருவோம்.

நம்மவரில் பொருளீட்டியவர்கள் இல்லாமற் போகவில்லை. பெ. மா. மதுரைப்பிள்ளை இரங்கூனுக்குச் சென்று கப்பல் வணிகத்தில் பெரும்பொருள் ஈட்டினார். அன்னை மீனாம்பாள் சிவராஜ் அவருடைய பேத்தியே. 1904இல் இரங்கூனில் பிறந்தவர். கடல் கடந்த ஊரில் மதுரைப்பிள்ளையால் முடிந்தது, இங்கே சொந்த ஊரில் இருந்தவர்க்கு ஏன் முடியவில்லை என்பதற்கு நாம் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

மற்ற சமூகங்கள் எப்படி முதல் திரட்டின என்பதை இளைஞர்கள் கூர்ந்து படிக்க வேண்டும். பொறாமைக்காக அன்று, பாடத்திற்காக. ஒரு காலத்தில் கோயிலுக்குள் நுழைய உரிமையின்றி, தெருவில் நடக்கவும் தடை இருந்த நாடார் சமூகத்தார், தென் மாவட்டத்துப் பேட்டைகளில் விற்பனையாகும் சரக்கின்மீது ‘மகமை’ என்று ஒரு சிறு தொகை எடுத்து வைத்தனர். அந்தப் பொதுப் பணத்தில் கிணறு வெட்டினர், சத்திரம் கட்டினர். விருதுநகரில் 1889இல் பள்ளி தொடங்கினர். பிறகு 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கியை நிறுவினர். இன்று தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்னும் பெயரில் நடப்பது அதுவே. முறையைக் கவனியுங்கள்: சில்லறை மகமை முதலில், பள்ளி அடுத்து, வங்கி அதற்குப் பின். பள்ளிக்கும் வங்கிக்கும் இடையே முப்பத்திரண்டு ஆண்டுகள். நாம் பள்ளிப் பணி தொடங்கி இருபத்தைந்து ஆண்டுகளே ஆகின்றன.

ஆனால் அவர்களுக்கு இருந்த ஒன்று நமக்கு இல்லை என்பதை மறைக்கக் கூடாது. விற்பதற்கு அவர்களிடம் சரக்கு இருந்தது. மகமை அதன் மேல் விழுந்தது. நம்மிடம் இருப்பது கூலி. கூலியிலிருந்து மகமை எடுக்க முடியுமா? முடியும் என்று காட்டியவர்கள் உலகில் இருக்கிறார்கள். அமெரிக்காவின் ரிச்மண்டு நகரில், அடிமையாய் இருந்து பின்பு துணி வெளுத்துப் பிழைத்த தாயின் மகளான மேகி வாக்கர் என்னும் கறுப்பினப் பெண்மணி, 1903இல் ஒரு சேமிப்பு வங்கியைத் தொடங்கினார். அதன் பெயரிலேயே ‘பென்னி’ இருந்தது. காசு காசாய்ச் சேர்ப்பது என்பதே பொருள். வீட்டு வேலை செய்த பெண்களும் வெளுப்புத் தொழில் செய்த பெண்களும் கொண்டுவந்து போட்ட காசில் அது எழுந்தது. அதற்கு முன்பே அதே மக்களுக்காக ஒரு பெரிய வங்கி இருந்தது. 1865இல் அமெரிக்கப் பாராளுமன்றமே சட்டம் இயற்றி நிறுவிய விடுதலை பெற்றோர் சேமிப்பு வங்கி அது. பிறர் கையில் அதன் நிருவாகம் இருந்தது. 1870இல் விதி தளர்த்தப்பட்டு, ஏழைகளின் சேமிப்பு நிலச் சூதாட்டத்திற்கும் வேண்டியவர்களுக்கும் கடனாகப் போயிற்று. 1874இல் வங்கி மூடப்பட்டபோது 61,000க்கு மேற்பட்ட சேமிப்பாளர்களின் பணம் ஏறத்தாழ 30 லட்சம் டாலர் முடங்கிற்று. முதல் வங்கியின் கணக்குப் புத்தகம் சேமித்தவர்களின் கையில் இருக்கவில்லை. இரண்டாவதன் கணக்கை அவர்களே எழுதினார்கள்.

நம் பெண்கள் சீட்டுக் கட்டுவதில் கைதேர்ந்தவர்கள். சீட்டை நாம் இழிவாகப் பேசுவதில்லை. ஈடு கேட்காத கடன் முறைகளில் அதுவும் ஒன்று. இருபது பேர் மாதம் 5,000 ரூபாய் கட்டினால் ஒரு லட்சம் சேர்கிறது. முதல் மாதத்தில் அவசரமுள்ளவர் 30,000 தள்ளி எடுத்தால் கையில் 70,000. நடத்துபவர் கழிவு 5,000 போக எஞ்சிய 25,000ஐ இருபது பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 1,250 ரூபாய் கழிகிறது. கடைசியில் எடுப்பவருக்கு இது நல்ல சேமிப்பு. தொழில் தொடங்க முதல் மாதத்திலேயே தள்ளி எடுப்பவருக்கு இது கடுமையான கடன். இந்த வேறுபாட்டை நம் இளைஞர்கள் கணக்குப் போட்டுப் பார்க்காமலே எடுத்துவிடுகிறார்கள். தண்டல் கடனோ இதனினும் கொடியது. 10,000 என்று எழுதி 9,000 கொடுத்து, நாள் ஒன்றுக்கு 100 வீதம் நூறு நாள் வசூலிப்பவர், ‘ஆயிரம்தானே வட்டி’ என்கிறார். ஒவ்வொரு நாளும் அசல் குறைந்துகொண்டே வருவதையும் சேர்த்துக் கணக்கிட்டால் அது ஆண்டுக்கு ஏறத்தாழ 80 விழுக்காடு வட்டி. எந்தச் சிறு கடையும் அந்த வட்டியைத் தாங்கி இலாபம் காண முடியாது.

இனி அரசின் வாசலுக்கு வருவோம். திட்டங்கள் குறைவென்று சொல்ல முடியாது. 1989இல் நிறுவப்பட்ட தேசியக் கழகத்தின் நிதி, நமது பகுதியில் ‘பாட்கோ’ என்று நாம் அழைக்கும் ஆதிதிராவிடர் மேம்பாட்டுக் கழகத்தின் வழியே வருகிறது. மேட்டூரில் திறந்த நீர் கடைமடைக்கு வந்து சேரும் கதையை நாம் அறிவோம். பணத்தின் கதையும் ஏறக்குறைய அதுவே. 2015இல் வந்த முத்ரா திட்டத்தில் 10 லட்சம் வரை ஈடு கேட்கக் கூடாது என்பது விதி. வாய்மொழியாகக் கேட்கப்பட்டால் எழுத்தில் தரும்படி பணிவுடன் கேளுங்கள். பாதித் தொல்லை அங்கேயே தீரும். 2016 ஏப்ரலில் தொடங்கிய ‘ஸ்டாண்ட் அப் இந்தியா’ திட்டம், ஒவ்வொரு வங்கிக் கிளையும் பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினர் ஒருவருக்கேனும் 10 லட்சம் முதல் ஒரு கோடி வரை கடன் தர வேண்டும் என்று சொன்னது. 2024 நவம்பர் வரை நாடெங்கும் நம்மவர் 46,248 பேர் பெற்றதாக அரசு கணக்குச் சொல்கிறது. இந்தத் திட்டத்தின் காலம் 2025 மார்ச்சோடு முடிந்தது. முதன்முறை தொழில் தொடங்கும் பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் 5 லட்சம் பேருக்கு 2 கோடி வரை கடன் என்னும் புதிய திட்டம் 2025-26 வரவுசெலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. பழைய திட்டத்தின் பெயரைச் சொல்லி இன்றும் விண்ணப்பத் தாள் விற்பவர்கள் நடமாடக் கூடும், அவர்களிடம் ஏமாறாதீர்கள்.

மானியத்தைப் பற்றி ஒரு மயக்கம் நம்மிடையே உண்டு. அதைத் தெளிவாக்கினாலே இந்த உரைக்கு வந்த பயன் என்போம். 2008இல் தொடங்கிய பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். 2025-26 வரைக்கும் வகுக்கப்பட்ட அதன் விதிகளில், சிற்றூரில் தொழில் தொடங்கும் நம்மவர்க்கு 35 விழுக்காடு மானியம். சொந்தப் பங்கு 5 விழுக்காடு போதும். பத்து லட்சத்தில் ஒரு வெல்டிங் பட்டறை என்று வைத்துக்கொள்ளுங்கள். இளைஞன் 50,000 போடுகிறான். மானியம் மூன்றரை லட்சம் கைக்கு வரும் என்று எண்ணுகிறான். கைக்கு வருவதில்லை. வங்கி ஒன்பதரை லட்சத்தைக் கடனாக எழுதுகிறது. மானியத் தொகை அவன் பெயரில் மூன்றாண்டு வைப்பாக வங்கியிலேயே பூட்டி வைக்கப்படுகிறது. பட்டறை மூன்றாண்டு ஓடியது என்று கண்ட பிறகே அது கடனில் கழிக்கப்படுகிறது. இரண்டாம் ஆண்டில் பட்டறையை மூடினால் மானியமும் போயிற்று, கடனும் நின்றது. மானியத்தை நம்பித் தொழில் தொடங்கியவர்கள் இப்படித்தான் கடனாளி ஆகிறார்கள்.

இன்னொன்று. பொறி வாங்கவும் கொட்டகை போடவும் கணக்கெழுதுகிற நம் இளைஞர்கள், நடைமுறை முதலை மறந்துவிடுகிறார்கள். இரும்புக் கடைக்குப் பணம் இன்றே கொடுக்க வேண்டும். கதவு செய்து வாங்கியவர் அறுவடைக்குப் பின் தருகிறேன் என்பார். இந்த இடைவெளியில்தான் பட்டறைகள் சாகின்றன. வணிகக் குடியில் பிறந்தவனுக்கு இரும்புக் கடைக்காரர் மாமன் முறை. முப்பது நாள் கடனாய்ச் சரக்குக் கொடுப்பார். அந்த முப்பது நாளும் முதல்தான். எந்த வங்கிப் புத்தகத்திலும் எழுதப்படாத முதல். நமக்கு அது கிடைப்பதில்லை. கிடைக்கச் செய்ய ஒரே வழி, முதல் ஆறு மாதம் ரொக்கத்திற்கே வாங்கி, அதற்கான பணத்தைத் திட்ட அறிக்கையிலேயே சேர்த்து எழுதிக் கேட்பது. ஆறு மாதம் தவறாமல் வாங்கியவனுக்கு ஏழாம் மாதம் கடைக்காரர் தாமே கடன் சொல்லுவார். இலாபம் எந்தச் சாதியானிடமிருந்தும் வரும் என்பதை வணிகர் அறிவர்.

வாங்குபவன் யார் என்ற கேள்வியைத் தள்ளி வைத்திருந்தோம். தேநீர்க் கடையும் உணவகமும் நம்மவர்க்கு எளிதில் தோன்றும் தொழில்கள். அங்கேதான் பெயரையும் தெருவையும் கேட்கும் பழக்கம் மிகுதி. வாங்குபவன் முகம் பாராத தொழில்களும் உண்டு. மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தம் கொள்முதலில் 4 விழுக்காட்டைப் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில் முனைவோரிடமிருந்து வாங்க வேண்டும் என்பது 2012ஆம் ஆண்டின் கொள்முதல் கொள்கை. நிரவியில் எண்ணெய், இயற்கை எரிவாயுக் கழகத்தின் அலுவலகம் இருக்கிறது, அது பொதுத்துறை. வண்டி வாடகை, துப்புரவு, சீருடை, மராமத்து எனத் தேவைகள் பல. 2009இல் இயங்கத் தொடங்கி இப்போது தனியாரிடம் உள்ள துறைமுகத்தை இந்த விதி கட்டாது. அங்கே விலையாலும் தரத்தாலும் மட்டுமே நுழைய முடியும். கையில் ஓர் ஒப்பந்த ஆணை இருந்தால் வங்கி மேலாளரின் பேச்சே மாறிவிடுகிறது என்பதை அனுபவத்தில் கண்டிருக்கிறோம்.

எல்லைக் கோடும் நம் சிக்கல்களில் ஒன்று. நண்டலாற்றுக்கு அப்பாலோ நாகூர்ப் பக்கமோ குடியிருக்கும் நம் உறவினர், தமிழ்நாடு அரசு 2023இல் தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 விழுக்காடு முதலீட்டு மானியமும் 6 விழுக்காடு வட்டி மானியமும் பெறலாம். இங்கே இருக்கும் நாம் பெற முடியாது. முகவரியை மாற்றி எழுதிப் பெறலாமே என்று சில இளைஞர்கள் கேட்கிறார்கள். கூடாது. புதுவை அரசும் அத்தகைய திட்டம் வகுக்க வேண்டும் என்று நம் சங்கத்தின் வழியே கேட்போம்.

அடுத்துச் சொல்ல வேண்டியதைச் சிலர் விரும்பமாட்டார்கள். ஒப்பந்தக்காரர் ஒருவர் வருகிறார். நம் பையனின் சாதிச் சான்றிதழையும் கையெழுத்தையும் கேட்கிறார். மாதம் இத்தனை ஆயிரம் தருகிறேன் என்கிறார். நிறுவனத்தில் 51 விழுக்காடு பையன் பெயரில். கணக்கும் காசோலையும் அவர் கையில். ஒதுக்கீடு நமது, இலாபம் அவருடையது. கடன் நின்றுபோனால் வழக்கு மட்டும் பையனுக்கு வருகிறது. அதன் பின் ஆயுள் முழுதும் எந்த வங்கிக்குப் போனாலும் கணினித் திரையில் அந்தப் பழைய நிலுவை முன்னே நிற்கிறது. பிள்ளைகளைப் பட்டதாரிகள் ஆக்கியது கையெழுத்தை வாடகைக்கு விடுவதற்கா? பெற்றோர்களும் இதில் பொறுப்பு ஏற்க வேண்டும். பல வீடுகளில் ‘சும்மா பணம்தானே வருகிறது’ என்று சம்மதிப்பவர்கள் அவர்களே.

நம் அண்டையிலேயே, ஈடில்லாதவர்கள் சேர்ந்து முதல் திரட்டிய சான்று ஒன்று உண்டு. 1968 டிசம்பர் 25ஆம் நாள் கீழ்வெண்மணியில் நம் மக்கள் 44 பேர் எரிந்த பின், அந்தப் பகுதிக்கு வந்து தங்கிய கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் அம்மையாரும் அவர் கணவரும் 1981இல் ‘லாஃப்டி’ என்ற அமைப்பை நிறுவினர். விற்க விரும்பிய நிலக்கிழாரோடு விலை பேசி, வங்கிக் கடன் வாங்கி, நிலமற்ற குடும்பங்களின் பெண்கள் பெயரில் நிலத்தைப் பதிவு செய்து, விளைச்சலிலிருந்து கடனை அடைக்கச் செய்தனர். தனியொரு கூலிப் பெண் போனால் வாசலில் நிற்க வைக்கும் வங்கி, ஊர் முழுதும் சேர்ந்து பொறுப்பேற்றபோது கடன் கொடுத்தது. சுமார் 13,000 குடும்பங்கள் நிலம் பெற்றன. அங்கே ஈடாக நின்றது ஊர்.

இவற்றையெல்லாம் வைத்து, சங்கத்தின் முன் ஒரு முன்மொழிவை வைக்கிறோம். கூட்டுறவுச் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்த சிக்கனக் கடன் சங்கம் ஒன்றை உறுப்பினர்கள் தொடங்க வேண்டும். பதிவு செய்யாத சீட்டு வேண்டாம். 1982ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் குற்றமாகக் கருதுகிறது, நம்பிக்கையும் ஒரே நாளில் போய்விடும். உறுப்பினர் ஒருவர் மாதம் 200 ரூபாய் போட்டால், முந்நூறு பேருக்கு ஆண்டொன்றுக்கு 7,20,000 ரூபாய் சேரும். பெரிய தொழில் தொடங்க அது போதாது. ஆனால் 5 விழுக்காடு சொந்தப் பங்கு என்று ஆளுக்கு 50,000 தேவைப்படும் இளைஞர் பதினான்கு பேருக்கு அது போதும். அவர்கள் ஒவ்வொருவர் பின்னும் வங்கியின் ஒன்பதரை லட்சம் வரக்கூடும். திருமணத்திற்கும் காதணி விழாவிற்கும் இந்த நிதியிலிருந்து ஒரு காசும் தரக் கூடாது என்று விதியிலேயே எழுதிவிட வேண்டும். கணக்குப் புத்தகம் நூலக மேசையில் திறந்தே கிடக்கட்டும். கணக்கு எழுதுவோரில் பாதிப்பேர் பெண்களாக இருக்கட்டும், சீட்டுக் கணக்கு அவர்களுக்கு மனப்பாடம்.

துணை விதிகளின் வரைவு ஒன்றை எழுதிச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறோம். பங்குத் தொகை எவ்வளவு, கடன் கேட்பவரின் திட்ட அறிக்கையைப் பார்ப்பவர் யார், தவணை தவறினால் என்ன செய்வது என்ற மூன்று இடங்களை வெறுமையாக விட்டிருக்கிறோம். அவற்றை அடுத்த பொதுக்குழுவில் உறுப்பினர்கள் விவாதித்து நிரப்ப வேண்டும். திட்ட அறிக்கை எழுதத் தெரியாத இளைஞர்கள் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நூலகத்திற்கு வாருங்கள்; வரும்போது சாதிச் சான்றிதழ், ஆதார், படிப்புச் சான்று ஆகியவற்றின் நகல்களையும், வாங்கப்போகும் பொறிக்கு இரண்டு கடைகளில் பெற்ற விலைப்பட்டியலையும் கையோடு கொண்டு வாருங்கள்.